பெறாத தந்தை: தேம்பாவணியின் வளனும் தமிழ்க் கிறித்தவத் தந்தைமையும்

தமிழ்க் கத்தோலிக்கர் இயேசுவின் வளர்ப்புத் தந்தையாகிய யோசேப்பைச் சூசையப்பர் என வழங்குவர். 'சூசை' என்பது போர்த்துக்கீசியர் வழி வந்த பெயர் வடிவம். 'அப்பர்' என்னும் ஈறு தமிழ் மக்கள் சேர்த்தது. இவ்வீற்றைக் கொண்டு யோசேப்பின் தந்தைமையைத் தமிழர் தனித்துப் போற்றினர் என்று முடிவு கூற விழைவோர் உளர். இராயப்பர், சின்னப்பர், அருளப்பர், யாகப்பர் எனத் திருத்தூதர் பெயர்களும் அவ்வாறே அமைதலின், அம்முடிவு பொருந்தாது. அது பொதுவான மதிப்புரவு ஈறே. எனினும், மக்களைப் பெறாத ஒருவருக்கு 'அப்பர்' என்னும் சொல் இயல்பாகப் பொருந்தி நின்றமை ஒரு வினாவை எழுப்புகிறது. பெறுதல் இன்றித் தந்தைமை உண்டோ? உண்டெனின் அது எதனால் அமைகிறது? தமிழ்க் கிறித்தவ மரபில் இவ்வினாவை முதன்முதல் விரிவாக எதிர்கொண்ட நூல் வீரமாமுனிவரின் தேம்பாவணி. அந்நூல் காட்டும் தந்தைமையையும், அதனோடு ஒத்தும் உறழ்ந்தும் நிற்கும் பிற சான்றுகளையும் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

நற்செய்தி நூல்களின் மௌனம்

நற்செய்தி நூல்கள் நான்கிலும் யோசேப்பு ஒரு சொல்லும் பேசவில்லை. மாற்கு அவரைப் பெயர் சுட்டிக் குறிப்பதே இல்லை. மத்தேயு தரும் வழிமுறைப் பட்டியலில் ஆபிரகாம் தொடங்கி ஒவ்வொரு தலைமுறையும் 'பெற்றான்' என்னும் வினையால் தொடுக்கப்படுகிறது. யோசேப்பை அடைந்ததும் அவ்வினை அறுபடுகிறது. அவர் மரியாவின் கணவர் என்று மட்டும் கூறப்படுகிறார்; பிறப்பு மரியாவின்மேல் ஏற்றிச் சொல்லப்படுகிறது. தாவீதின் குலமுறை இயேசுவைச் சேர்வதோ யோசேப்பின் வழியாகவே. ஆகவே பெறாத ஒருவர் குலத்தை வழங்க வேண்டிய நிலை தோன்றுகிறது. மத்தேயு இதற்குக் காணும் தீர்வு பெயரிடுதல். குழந்தைக்குப் பெயரிடும் பணி வானதூதரால் யோசேப்புக்கு அளிக்கப்படுகிறது (மத்தேயு 1:21); அதிகாரத்தின் இறுதியில் அவர் அதனை நிறைவேற்றுகிறார் (1:25). யூத வழக்கில் ஒரு குழந்தையைத் தன் மகவென ஏற்றுப் பெயரிடுபவன் சட்டமுறைத் தந்தையாகிறான். இங்குத் தந்தைமை என்பது ஒரு சொற்செயல்.

மத்தேயு யோசேப்புக்குத் தரும் அடைமொழி 'நீதிமான்' என்பது (1:19). மணம் பேசப்பட்ட பெண் கருவுற்றிருப்பதை அறிந்த ஆடவனுக்கு மோசேயின் சட்டம் கடுமையான உரிமைகளைத் தந்திருந்தது. அவ்வுரிமையைப் பயன்கொள்ளாது, அவளை இகழ்ச்சிக்கு உள்ளாக்க மனமின்றி, மறைவாக விலக அவர் எண்ணுகிறார். இருந்த உரிமையைச் செலுத்தாமையே இங்கு நீதி எனப் பெயர் பெறுகிறது. இக்கட்டுரையில் மீண்டும் நினைவுகூரப்பட வேண்டிய செய்தி இது.

ஐரோப்பிய மரபு இம்மௌனத்தை நெடுங்காலம் வேறு வகையில் நிரப்பிற்று. யாக்கோபின் முதல் நற்செய்தி எனப்படும் திருமுறை சாரா நூல் யோசேப்பை மனைவியை இழந்த முதியவராகவும் முன்னரே மக்களைப் பெற்றவராகவும் காட்டுகிறது. இடைக்கால ஓவியங்களில் அவர் பெரும்பாலும் தளர்ந்த கிழவர். சில நாடகங்களில் நகைப்புக்குரியவரும் ஆவார். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசுப் பல்கலைக்கழகத்தின் சான் செர்சோன் அவரை உழைக்கும் வலிமையுள்ள இளைஞராகக் காண வேண்டும் என்று வாதிட்டார். அவிலா தெரேசா 1562-இல் நிறுவிய முதல் மடத்துக்கு அவர் பெயரையே இட்டார். 1621-இல் அவர் திருநாள் திருச்சபை முழுமைக்கும் கடன் திருநாளாயிற்று. முதியவர் என்ற கருத்து மரியாவின் கன்னிமைக்கு அரணாகப் பயன்பட்டது; இளைஞர் என்ற கருத்து குடும்பத்தைக் காக்கும் ஆடவனுக்கு முன்மாதிரி தேடிய காலத்தின் தேவைக்குப் பயன்பட்டது. பின்னைய பக்தி ஓங்கியிருந்த சூழலில் இயேசு சபையில் சேர்ந்து தமிழகம் வந்தவர் வீரமாமுனிவர் (1680–1747).

காப்பியத் தலைவனாகத் தச்சன்

தேம்பாவணி 1726-இல் இயற்றப்பட்டது என்பர். மூன்று காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. எசுப்பானியத் துறவி ஆகிர்தா நகரத்து மரியாள் எழுதிய நூல் இதற்கு ஒரு மூலம். ஆயினும் அத்துறவியின் நூல் மரியாவின் வரலாறு. தேம்பாவணியோ யோசேப்பின் வரலாறு. இம்மாற்றம் முனிவர் செய்தது. இது காப்பிய இலக்கணத்தோடு நேரே மோதும் தேர்வும் ஆகும். தன்னேரில்லாத் தலைவன் போர் வென்றும் காதல் நுகர்ந்தும் மக்களைப் பெற்றும் முடிசூடியும் விளங்குதல் தமிழ்க் காப்பியத்தில் எதிர்பார்க்கப்படுவது. மரம் செதுக்கி உண்ணும் யோசேப்புக்குப் போர் இல்லை, இன்ப நுகர்ச்சி இல்லை, பெற்ற மகன் இல்லை, நாடும் இல்லை. நாடு நகரச் சிறப்பு முதலிய உறுப்புகளை முனிவர் குறைவறப் பாடினார். தலைவனிடத்தில் இல்லாதவற்றுக்கு அவர் என் செய்தார் என்பதே நாம் காண வேண்டியது.

முதலில், பெயர். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர் 'கூட்டுதல், மிகுத்தல்' என்னும் பொருளடியாகப் பிறந்தது (தொடக்கநூல் 30:24). முனிவர் அதனை ஒலிபெயர்க்காது 'வளன்' எனத் தமிழாக்கினார். வளம், வளர்தல், வளர்ப்பு என்பன ஒரே சொற்குடும்பத்தன. இதனைக் கருதியே அவர் பெயரிட்டார் என்பதற்குச் சான்று காட்ட இயலாது. ஆனால் தமிழ்ச் செவிக்கு அவ்வுறவு கேளாமற் போவதும் இல்லை. வளர்ப்பவன் வளன் என்று கொள்ளத் தமிழே இடம் தருகிறது. தூய வளனார் கல்லூரி என்னும் பெயர் வரை நிலைபெற்றுவிட்ட இம்மொழியாக்கம் முனிவர் தமிழுக்குத் தந்த சொற்கொடைகளுள் ஒன்று.

அடுத்து, 'ஈரறம் பொருத்து படலம்' என்னும் தலைப்பே ஒரு கொள்கையை அறிவிக்கிறது. திருக்குறளின் அறத்துப்பால் இல்லறத்தையும் துறவறத்தையும் தனித்தனி இயல்களாக வகுத்துரைப்பது. வளனும் மரியாவும் மணந்து ஒரே மனையில் வாழ்ந்தும் கன்னிமை காப்பர். இரண்டு அறங்களும் ஒரு கூரையின்கீழ்ப் பொருத்தப்படுகின்றன. முனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்து, காமத்துப்பாலை விடுத்தவர் என்பதும் இங்கு நினையத்தக்கது. இன்பத்தை நீக்கிய இல்லறம் முழுமையான இல்லறம் ஆகுமோ என்று தமிழ் வாசகர் வினவுவது முறையே. இவ்வினாவுக்குக் காப்பியம் நிறைவான விடை தருகிறது என்று கூற இக்கட்டுரையாளர்க்குத் துணிவு இல்லை. ஆனால் அவ்வில்லறத்தில் எஞ்சி நிற்பவை எவை என்பது தெளிவு. ஒருவர் மற்றவரைப் பேணுதலும், இருவரும் சேர்ந்து குழந்தையைப் பேணுதலுமே அவை. பெறுதலால் ஆகும் தந்தைமையைக் கழித்துவிட்டால் மிஞ்சும் தந்தைமை எது என்பதைக் காட்டும் சோதனைக் களமாக அம்மனை அமைகிறது.

மூன்றாவதாக, ஐயம். மத்தேயுவில் சில அடிகளில் முடியும் நிகழ்ச்சி தேம்பாவணியில் 'ஐயந்தோற்று படலம்', 'ஐயநீங்கு படலம்' என இரு படலங்களாக விரிகிறது. போர்க்களம் இல்லாத தலைவனுக்கு முனிவர் கண்ட போர்க்களம் இதுவே எனலாம். மனைவியின் கற்பில் ஐயுற்ற ஆடவர் என் செய்வர் என்பதற்குத் தமிழ் வாசகர் பல கதைகளை அறிவர். ஊரார் முன் நிறுத்திச் சோதித்தலும் தீப்புகச் செய்தலும் அக்கதைகளில் ஆடவரின் வழிகள். வளன் அவ்வழியே செல்லாதவன். அவன் துன்பம் அவனுள்ளேயே நிகழ்கிறது. பெண்ணின்மேல் தண்டமாக இறங்குவதில்லை. நற்செய்தியில் ஓர் அடைமொழியாக நின்ற நீதி இங்குக் காப்பிய நிகழ்ச்சியாகிறது.

நான்காவதாக, நேர்தல். குழந்தையைக் கோவிலில் காணிக்கையாக்கும் லூக்கா நற்செய்தியின் நிகழ்ச்சியை (2:22 முதல்) முனிவர் 'மகனேர்ந்த படலம்' என்று தலைப்பிட்டுப் பாடுகிறார். தெய்வத்துக்கு நேர்ந்து விடுதல் தமிழ் மண்ணின் வழக்கம். அச்சொல்லின் வழியே தந்தைமை உடைமை அன்று என்னும் கருத்து புகுகிறது. தன்னது அல்லாத மகனை ஏற்றவன் அம்மகனைத் தன்னதாக வைத்துக்கொள்வதும் இல்லை.

தசரதன், இளம்பூதி

கம்பனை நன்கு கற்றவர் முனிவர் என்பது தேம்பாவணியின் நடையாலேயே விளங்கும். அதனால் வளனைத் தசரதனோடு ஒப்பிடுவது வலிந்து செய்யும் ஒப்பீடு ஆகாது. தசரதன் மகப்பேற்றுக்கு ஏங்கி வேள்வி செய்து பெற்றவன்; தன் வாக்கால் மகனைக் காட்டுக்கு இழந்து, பிரிவாற்றாது உயிர்விட்டவன். வளன் வேண்டிப் பெறாதவன். ஆட்சியாளனின் வாள் குழந்தையைத் தேடியபோது தானே மனைவியையும் மகவையும் அழைத்துக்கொண்டு வேற்று நாடு புகுந்தவன். நாட்டை நீங்கும் அப்பயணத்தையே 'பைதிரம் நீங்கு படலம்' பாடுகிறது. ஒரு தந்தையின் சொல் மகனை வெளியேற்றுகிறது. மற்றொரு தந்தை மகனோடு தானும் வெளியேறுகிறான். தேம்பாவணி 'முடிசூட்டு படலத்தோடு' நிறைவுறுவதும் இராமகாதையின் நிறைவை நினைவூட்டுவதே. ஆனால் இங்கு முடி சூட்டப்படுவது தச்சனுக்கு. அதுவும் இறந்தபின், வானுலகில்.

வளர்ப்புத் தந்தை என்ற நிலை தமிழ்க் காப்பிய மரபுக்குப் புதிதன்று. மணிமேகலையில் தாயால் கைவிடப்பட்ட ஆபுத்திரனைக் கண்டெடுத்து மகனாக வளர்ப்பவன் வயனங்கோட்டு இளம்பூதி என்னும் அந்தணன். கல்வி தந்து பேணிய அவ்வளர்ப்பு, வேள்விப் பசுவை ஆபுத்திரன் விடுவித்ததன் பின்னர் எழுந்த பூசலில், அவன் பிறப்பு வெளிப்பட்டதும் முறிந்துபோகிறது. இளம்பூதி அவனைக் கைவிடுகிறான். பிறப்பு பற்றிய ஐயம் குழந்தை கருவிலிருந்தபோதே வளனுக்கு எழுந்தது. அவன் அதனைக் கடந்த பின்னரே தந்தையானான். இளம்பூதிக்கோ வளர்த்த பின்னர் எழுந்தது. அவன் அதனைக் கடக்கவில்லை. சாத்தனார் காட்டிய முறிவுக்கு முனிவர் விடை எழுதினார் என்று கூறுவது மிகை. ஆயினும், குலம் அறியாப் பிள்ளையை ஏற்றல் எத்துணை அரிது என்பதை அறிந்த மொழியில்தான் வளன் கதை பாடப்பட்டது என்பது மறுக்க இயலாதது.

தந்தையின் கடன் பெறுதலுக்கு அப்பாற்பட்டது என்ற எண்ணமும் தமிழில் பழையதே. பொன்முடியாரின் புறப்பாட்டு (312) ஈனும் கடனைத் தாய்க்கும், சான்றோனாக்கும் கடனைத் தந்தைக்கும் வகுக்கிறது. வள்ளுவரும் அவையில் முந்தியிருக்கச் செய்தலையே தந்தை மகற்கு ஆற்றும் நன்றி என்பார். இவ்விரு இடங்களிலும் தந்தைமை ஆக்கும் வினையாகவே பேசப்படுகிறது. மகனைக் களத்துக்கோ அவைக்கோ ஆயத்தம் செய்தல் அங்கு நோக்கம். வளனிடத்தில் அது காத்தலாக மாறுகிறது.

'தலை' என்னும் சொல்

கிறித்தவக் குடும்பத்தில் ஆடவரின் இடம் பற்றிய பேச்சு பெரும்பாலும் தேம்பாவணியிலிருந்து தொடங்குவதில்லை. எபேசியர் திருமுகத்திலிருந்தே தொடங்குகிறது (5:21–6:9). கணவன் மனைவிக்குத் 'தலை' என்னும் உருவகம் தமிழில் வந்தபோது ஒரு சொல்லியல் வாய்ப்பும் இடரும் சேர்ந்தே வந்தன. கிரேக்கத்தில் அது உடலுறுப்பின் பெயர். தமிழில் 'தலை' என்றவுடன் 'தலைவன்' கேட்கிறது. 'குடும்பத் தலைவன்' என்னும் ஆட்சிச் சொல்லும் உடன் வந்துவிடுகிறது. அகமரபில் தலைவனுக்கு இணையாகத் தலைவி உண்டு என்பதை இவ்விடத்தில் எவரும் நினைப்பதில்லை.

அத்திருமுகம் எழுந்த உரோம உலகில் குடும்பத் தந்தைக்கு மக்களின் உயிர்மேலும் சட்ட உரிமை இருந்தது. பிறந்த குழந்தையை ஏற்பதும் வெளியே இட்டுவிடுவதும் அவன் விருப்பம். தொடக்கக் கிறித்தவர் அவ்வழக்கத்தைக் கண்டித்தனர். 'திதாக்கே' என்னும் பழைய நூல் குழந்தைக் கொலையை வெளிப்படையாக விலக்குகிறது. இப்பின்னணியில் திருமுகத்தைக் கற்றால், அது தந்தையருக்கு உரிமை வழங்கவில்லை, வரம்பு கட்டுகிறது என்பது புலப்படும். மக்களுக்குச் சினமூட்ட வேண்டா என்பது அங்குத் தந்தையர்க்கு இடப்படும் முதற்கட்டளை (6:4). மனைவியர், மக்கள், அடிமைகள் ஆகியோரை விளித்தே பேசும் அப்பகுதி அவர்கள் கடனை மட்டும் கூறி அமையாது, கணவரையும் தந்தையரையும் தலைவர்களையும் கட்டுப்படுத்துகிறது. அடிமை முறையை அது கேள்விக்கு உட்படுத்தவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. ஆகவே அப்பகுதியை இக்காலக் குடும்பத்துக்கு அப்படியே எடுத்துப் பொருத்துவோர், யோசேப்பு தம் உரிமையைச் செலுத்தாமையையும் உடன்வைத்துக் கற்றல் வேண்டும்.

தமிழ் விவிலியத்தில் மற்றொரு சொல்லும் கருதத்தக்கது. அரமேய மொழியில் தந்தையை விளிக்கும் 'அப்பா' என்னும் சொல்லைக் கிரேக்க மூலம் பெயர்க்காது அவ்வாறே வைத்தது. பிற மொழிகளில் அயற்சொல்லாக நிற்கும் அது தமிழில் வீட்டுச் சொல்லாக ஒலிக்கிறது. சீர்திருத்தச் சபையார் வழங்கும் பழைய பெயர்ப்பில் அச்சொல்லை அடுத்து வடசொல்லாகிய 'பிதா' நிற்க, ஒரே தொடரில் வீடும் வழிபாட்டிடமும் சந்திக்கின்றன. அதே அடியில் (உரோமையர் 8:15) இறைவனுக்கு மனிதர் மக்களாகும் நிலை 'புத்திரசுவிகாரம்' எனப்படுகிறது. அது இந்து சட்ட நூல்களின் கலைச்சொல், தத்தெடுத்தலைக் குறிப்பது. கிறித்தவர் அனைவரும் இறைவனின் தத்துப்பிள்ளைகளே என்று கூறும் மறை, அச்செய்தியைத் தத்து முறையை நன்கறிந்த சமூகத்தின் சொல்லாலேயே தமிழில் கூறிற்று.

தஞ்சையில் இரு தந்தையர்

இச்சொல்லின் முழுப்பொருளும் வாழ்க்கையாக நிகழ்ந்தது தஞ்சையில். 1787-இல் மன்னர் துளசா, வாரிசின்றி இறக்கும் தறுவாயில், ஏறத்தாழப் பத்து அகவைச் சிறுவன் ஒருவனைத் தத்தெடுத்தார். அவரே பின்னாளில் இரண்டாம் சரபோசி. சிறுவனின் காப்பாளராக இருக்குமாறு மன்னர் வேண்டியது சீர்திருத்தச் சபைக் குருவாகிய சுவார்ட்சை (1726–1798). தேம்பாவணி இயற்றப்பட்டதாகக் கூறப்படும் ஆண்டிலேயே பிறந்த இவர், மணமாகாதவர். முதலில் அப்பொறுப்பை ஏற்கத் தயங்கி, மன்னரின் இளவலாகிய அமர்சிங்கைச் சுட்டினார். அமர்சிங் அரியணை ஏறியதும் தத்து செல்லாது என்ற வழக்கு எழுந்தது. சாத்திர வல்லுநர் கருத்தும் மாறி மாறி அமைந்தது. சிறுவன் கல்வியும் பாதுகாப்பும் இன்றி அரண்மனையில் அடைபட்டிருந்த நிலையை மாற்ற முன்னின்றவர் சுவார்ட்சே. சரபோசியின் உரிமை ஏற்கப்பட்டு அவர் 1798-இல் முடிசூடியபோது சுவார்ட்சு உயிரோடு இல்லை. அவ்வாண்டு பிப்ரவரியிலேயே மறைந்தார்.

தஞ்சைக் கோட்டைக் கோவிலில் சரபோசி நிறுவிய பளிங்குச் சிற்பம் இலண்டன் சிற்பி பிளாக்சுமன் வடித்தது. இறக்கும் குருவின் அருகே மன்னர் நிற்கும் காட்சி அது. கல்லறைக்கென மன்னரே ஆங்கிலத்தில் இயற்றிய இரங்கற்பா அவரை அநாதைகளுக்குத் தந்தை என்று போற்றுகிறது. சரபோசி இறுதிவரை சமயம் மாறவில்லை. அவரை மாற்றிக் காட்டுவதைத் தம் காப்பின் விலையாகச் சுவார்ட்சு கேட்டதும் இல்லை. சாத்திரமுறைத் தந்தை துளசா. பேணிய தந்தை சுவார்ட்சு. முன்னவருடைய தத்து செல்லும் என நிறுவப்படுவதற்குப் பின்னவரின் உழைப்பு தேவைப்பட்டது.

நெல்லைச் சீமையில் பிறந்த வேதநாயகம் சாத்திரியாரையும் (1774–1864) பன்னிரண்டாம் அகவையில் தஞ்சைக்கு அழைத்துவந்து கற்பித்தவர் இவரே. அங்கு நிலை வேறு. பெற்ற தந்தை தேவசகாயம் உயிரோடிருந்து, தாமே மகனைக் குருவிடம் ஒப்படைத்தார். பெத்தலகேம் குறவஞ்சி பாடிய புலவர் உருவானதில் அவ்வொப்படைப்புக்கும் பங்குண்டு. முனிவரின் சொல்லால் கூறின், அதுவும் ஒரு நேர்தல்.

சட்டத்தின் முன் வளர்ப்புத் தந்தை

சரபோசிக்கு இருந்த சட்ட வழி பின்னாளில் இந்தியக் கிறித்தவர்க்கு இல்லாமற் போனது. 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்து, பௌத்தர், சமணர், சீக்கியர் ஆகியோர்க்கே உரியது. கிறித்தவத் தம்பதியர் ஒரு குழந்தையை எடுத்து வளர்க்க விரும்பின், 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தையே நாட வேண்டியிருந்தது. அதன்படி அவர்கள் காப்பாளர் மட்டுமே; பெற்றோர் அல்லர். குழந்தைக்கு உரிய அகவை நிறைந்ததும் அவ்வுறவு சட்டத்தின் முன் முடிந்துவிடும். விருப்பாவணம் எழுதாது இறந்தால் மகன், மகள் என்ற நிலையில் சொத்துரிமை எழாது. கேரள உயர்நீதிமன்றம் 1999-இல் கிறித்தவரின் தத்தெடுப்பு உரிமையை ஏற்றது. 2000-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006-ஆம் ஆண்டுத் திருத்தமும் சமய வேறுபாடின்றி அனைவர்க்கும் வழி திறந்தன. எச்சமயத்தவரும் அவ்வழியைத் தெரிந்துகொள்ளலாம் என்பதை உச்சநீதிமன்றம் 2014-இல் உறுதி செய்தது.

திருச்சபையின் நிலையும் இங்கு நோக்கத்தக்கது. 1870-இல் யோசேப்பைத் தன் பாதுகாவலராக அறிவித்த கத்தோலிக்கத் திருச்சபை, தத்துப்பிள்ளை பற்றிய கேள்வியை நாட்டுச் சட்டத்திடமே விட்டுவைத்துள்ளது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 110-ஆம் விதி, நாட்டுச் சட்டத்தின்படி தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளைத் தத்தெடுத்தவரின் மக்களாகக் கொள்கிறது. நாட்டுச் சட்டம் கிறித்தவர்க்குத் தத்துரிமை தராத வரையில் அவ்விதி இந்தியக் கத்தோலிக்கர்க்குப் பயன்பட வழியில்லை. சூசையப்பர் பெயர் தாங்கிய கோவில்களிலேயே, எடுத்து வளர்த்த மகனுக்குத் திருமுழுக்கு வேண்டி நின்ற ஆடவர் இரு சட்டங்களின் முன்னும் காப்பாளர் என்ற அளவிலேயே நின்றனர்.